கொல்லிமலைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலில் நண்பர்களோடு சேர்ந்து மலையேறும் குழு நடத்தும் ஒரு தம்பி கேட்டது இது: "எங்கள் பாட்டனார் ராசிபுரம் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அவர் சொல்லிக் கேட்ட கொல்லிமலையை மலேசியத் தமிழர்களிடம் பிரபலப்படுத்த ஆசை. இங்கே பலருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. ஆனால் ஊட்டி, கொடைக்கானலுக்கு வந்த கதி அதற்கும் வந்துவிடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, பினாங்கிலிருந்து பல வருடமாகத் தமிழ்நாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கொல்லிமலைக்கு ஆள் போதவில்லை என்று நினைத்துத் தொடங்கினால் வழி தவறிவிடும். நமக்குத்தான் அது தெரியாத ஊர். நாமக்கல், சேலம், ஈரோடு, திருச்சிக்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மலை. காலையில் வண்டி எடுத்து, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறவர்கள்தான் அங்கே அதிகம். இதே மாதிரி இன்னும் நாலு வேன் கூட்டம் அனுப்புவதால் மலைக்கு ஒரு லாபமும் இல்லை. அங்கே குறைவாக இருப்பது திங்கள் முதல் வியாழன் வரை வந்து, மூன்று நாலு ராத்திரி தங்கி, அங்கே விளைந்ததைச் சாப்பிட்டு, காசை மலையிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள். விமானம் ஏறி வருகிற நம்மால் அப்படி ஒரு ஆளாக இருக்க முடியும். நாமக்கல்லில் வேலைக்குப் போகிறவரால் செவ்வாய்க்கிழமை வர முடியாது. லீவு போட்டு வருகிற நம்மால் முடியும்.

ஊட்டியைப் பற்றிப் பயப்படுகிறீர்கள், அது நியாயமான பயம்தான். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று ஆக்கியது. அதுவும் போதாமல் 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்குகிற அளவு என்ன என்று யாரும் முதலில் கேட்கவில்லை, கடைசியில் நீதிமன்றம் கேட்க வேண்டியதாயிற்று. பொது விடுமுறையில் கேமரன் மலைக்கு ஏறி, பிரிஞ்சாங்கில் மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கொல்லிமலைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மேல் பகுதி ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்). வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை, மரவள்ளி எல்லாம் விளையும். சோலைக்காடும், ஊர்க்கோயிலைச் சுற்றி யாரும் கோடாரி வைக்காத கோயில் காடுகளும் உண்டு. யானை, புலி பார்க்கும் ஆசை இருந்தால் இங்கே வர வேண்டாம், அவை இங்கே கிடையாது. இதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் காடு என்றாலே ஜீப்பில் ஏறிப் புலி பார்க்கும் கனவோடு வருவார்கள். பிறகு ஏமாந்துபோய் ஆகாய கங்கைப் படியில் உட்கார்ந்து நம்மைத் திட்டுவார்கள்.

இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்: பிரபலப்படுத்துவதே எப்படிக் கெடுதலாக முடியும் என்பது. முடவாட்டுக்கால் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மேலே மயிர் மூடி, பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மலைக்காரர்கள் மூட்டுவலிக்குச் சூப் வைத்துக் குடித்துவந்த பொருள். கொல்லிமலைக்குப் போனால் இதைக் குடிக்காமல் வராதீர்கள் என்று காணொளிகள் பரவின. இன்று மலைப்பாதை ஓரம் முழுக்கச் சூப் கடை, கூடையில் குவித்து வைத்த கிழங்கு. கீழே நகரங்களிலும் விற்கிறார்கள். அது பயிரிட்டு எடுப்பது இல்லை, காட்டிலிருந்து பறிப்பது. தண்டைப் பெயர்த்தெடுத்தால் அந்தச் செடியின் கதை அதோடு முடிந்தது. விற்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். காசு எந்தப் பொருளின் மேல் போய் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விளம்பரம் செய்கிறவர்தான். அந்தத் தீர்மானம் இந்த முறை உங்கள் கையில்.

நம் மலேசியக் குழுக்களிடம் இது இன்னும் கூடுதலாகவே இருக்கும். கொல்லிமலை என்றதும் சித்தர், மூலிகை என்று கண் விரியும். முழங்கால் வலிக்கு வேர் கொண்டுவா என்று அத்தை, மாமா எல்லாரும் சொல்லி அனுப்புவார்கள். முதல் விதியாக இதைப் போடுங்கள்: காட்டிலிருந்து தோண்டியதை வாங்குவதில்லை, தோட்டத்தில் விளைந்ததை வாங்குவோம். மிளகு வாங்குங்கள், காப்பித்தூள் வாங்குங்கள், சாமை வாங்குங்கள். செடி, விதை, கிழங்கு, பழம் இவற்றை மலேசியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். அது இல்லாமல் வந்தால் சிப்பாங் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் தாமாகவே அடங்கிவிடுவார்கள்.

சாமையைச் சொன்னேன் இல்லையா, உங்கள் திட்டத்தின் நடுவில் நான் வைக்கச் சொல்வது அதைத்தான், அருவியை அல்ல. சாமை, தினை, கேழ்வரகு இவைதான் இந்த மலையின் பழைய சோறு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குக் கையில் காசு கொடுக்க ஆரம்பித்ததும் சிறுதானிய நிலம் மரவள்ளிக்கு மாறியது. இன்னொரு காரணம், சாமையை உமி நீக்கி அரிசியாக்குவது கடும் வேலை. உலக்கை பிடித்து இடிக்க வேண்டியது பெண்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து, உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்தது, விதை வங்கிகள் வைத்தது, தானியத்தை மாவாகவும் பலகாரமாகவும் ஆக்கி விற்கப் பழக்கியது. அதனால் பல ரகங்கள் பிழைத்தன. ஆனாலும் வாங்க ஆள் இருந்தால்தானே விவசாயி அடுத்த வருடமும் விதைப்பார்? பன்னிரண்டு பேர் நாலு நாள் தங்குகிறார்கள், காலையில் கேழ்வரகுக் களியில் பசியாறி, மத்தியானம் சாமைச் சோறு சாப்பிடுகிறார்கள், போகும்போது ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிப் போகிறார்கள் என்றால் அது ஒரு குடும்பத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற வருமானம். வேனில் வந்து பரோட்டா கேட்கிற கூட்டத்தால் இது நடக்காது. தங்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்று கீழே சேந்தமங்கலம் போய் பிராய்லர் கோழியும் பொன்னி அரிசியும் வாங்கி வைத்திருப்பார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்வார்கள், ஆனால் காசு மலையை விட்டு இறங்கிவிடும்.

அப்புறம், யாரோடு சேர்ந்து செய்வது? மலை மேல் விடுதிகள் இருக்கின்றன. சில நல்லவை, பல வெளியூர்க்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியவை. அறை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சமையல்காரர், ஓட்டுநர், வழிகாட்டி இவர்களில் எத்தனை பேர் மலையில் பிறந்தவர்கள்? பதிலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். ஒரே வீட்டோடு, ஒரே ஆளோடு ஒப்பந்தம் போட்டு அவரை மட்டும் பணக்காரர் ஆக்குவதும் சரி வராது. ஊருக்குள் பொறாமை வரும், இரண்டாவது வருடத்தில் வழியை மறிப்பார்கள். ஊராட்சித் தலைவர், ஊர்க் கவுண்டர் (மலைக்காரர்களின் ஊர்ப் பெரியவர்), மகளிர் குழு மூவரிடமும் பேசி, வீடு வீடாக முறை வைத்துச் சுற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பகாங் தெமர்லோவில் தேசா மூர்னியில் 1995-இல் அரசாங்கம் ஹோம்ஸ்டே திட்டத்தைத் தொடங்கியபோதும் தனி வீடாக இல்லாமல் கிராமமாகத்தான் சேர்த்தார்கள். ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கோலாலம்பூரிலிருந்து தூரமில்லை. கொல்லிமலையில் போய் விளக்க உங்களுக்கே ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

இந்தியாவிலும் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. கோயம்புத்தூர் பக்கம் பில்லூர் அணையை ஒட்டிய பரளிக்காடு. வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து நடத்துவது. முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். பரிசல் ஓட்டுவது ஊர் ஆண்கள், மத்தியானச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைப்பது. அன்றைக்கு எத்தனை பேர் என்று முன்னாலேயே தெரிவதால் சோறும் வீணாகாது, ஆற்றங்கரையும் திருவிழாத் திடலாகாது. இன்னொன்று கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே காட்டுக்குள் புகுந்து வயணப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்துக் கடத்தியவர்களையே 1990களின் கடைசியில் வழிகாட்டிகளாக மாற்றினார்கள். காட்டைத் திருட்டுத்தனமாக அறிந்தவன் அளவுக்கு அதை வேறு யார் அறிவார்? சுற்றுலாப் பயணியை அழைத்துப்போகும்போதே அவர்கள் காவலும் பார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் எண்ணிக்கையை முதலில் கட்டிவிட்டுத்தான் வாசலைத் திறந்தார்கள்.

நீங்கள் மலையேறும் குழு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மலேசியாவில் வனத்துறை அனுமதியும், சில மலைகளுக்கு மாலிம் குனோங் என்ற மலை வழிகாட்டியும் இல்லாமல் ஏற முடியாது என்பது உங்களுக்குப் பழக்கம். தமிழ்நாட்டில் அதைவிடக் கண்டிப்பு அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களை இணையப் பதிவுக்குத் திறந்து, மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். ஆகவே கொல்லிமலையில் கோரக்கர் குகைக்குப் போகலாம், அங்கே ராத்திரி தங்கித் தியானம் செய்யலாம் என்று யாராவது தெரிந்தவர் ஆசை காட்டினால், வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ந்த மாதத்தில் குகை வாசலில் கற்பூரம் ஏற்றுவது எனக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி.

ஆகாய கங்கை பற்றியும் சொல்லியாக வேண்டும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. ஐயாறு என்ற ஆறுதான் அப்படி விழுந்து கீழே புளியஞ்சோலைப் பக்கம் ஓடுகிறது. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் படி. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். அறுபது வயது தாண்டியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மேலே கோயிலிலேயே இருக்கட்டும். அங்கே ஆற்றில் மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் பெருகும் நாளில் வனத்துறை வாசலை மூடிவிடும். மூடினால் மூடியதுதான், வெளிநாட்டிலிருந்து வந்தோம் என்று கெஞ்சக் கூடாது. குளிக்கும்போது சோப்பு, ஷாம்பு வேண்டாம், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளைவுகளில் குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று பத்து மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பையைப் பறிகொடுத்த அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் 2019-இலிருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை இருக்கிறது. ஆனாலும் தண்ணீர்ப் போத்தல் கூட்டம் கூட்டமாகத்தான் மேலே ஏறுகிறது. ஆளுக்கு ஒரு எஃகுக் குடுவையும், தங்கும் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரும் போதும். சேர்ந்த குப்பையை நாமக்கல் வரை திரும்பக் கொண்டுவர வண்டியில் ஒரு சாக்கு வையுங்கள்.

பயணத்தின் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரம். பினாங்குக்காரர்களுக்கு 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கு நேரடியாக இண்டிகோ இருக்கிறது, ஆனால் இந்த மலைக்குத் திருச்சிதான் பக்கம். நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து வளைவுகள். பெரிய சுற்றுலாப் பேருந்து அதில் ஏறாது. அந்தக் கட்டுப்பாட்டை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், குழு தானாகவே சின்னதாகிவிடும். விமானப் புகையைப் பற்றி மனசாட்சி உள்ளவர்கள் கேட்பார்கள். அதற்கு என் பதில், மலைக்கென்று தனியாக ஒரு பயணம் வைக்காதீர்கள் என்பதுதான். நம் குடும்பங்கள் எப்படியும் திருச்சிக்குப் பறந்துகொண்டுதான் இருக்கின்றன: சீர்வரிசை வாங்க, குலதெய்வம் கும்பிட, கல்யாணத்துக்கு, சமயபுரத்துக்கு. அந்தப் பயணத்தில் துணிக்கடையிலும் ஹோட்டல் அறையிலும் கழிகிற நாலு நாளை மலைக்குத் திருப்புங்கள். புது விமானம் இல்லை, புது டிக்கெட் செலவு இல்லை. இதை விற்பதும் சுலபம்.

சட்டம் இரண்டு இடத்தில் குறுக்கே வரும். ஒன்று இங்கே. வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று வசூல் செய்து பயணம் நடத்தினால், 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி அதற்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். நண்பர்கள்தானே என்பது தொடக்கத்தில் செல்லும், வெளியாளிடம் காசு வாங்கிய நாளிலிருந்து செல்லாது. வெளிநாட்டுப் பயண உரிமம் உள்ள ஒரு ஏஜண்டோடு சேர்ந்து செய்யுங்கள். இரண்டாவது அங்கே. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த வீடும் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். நாம் தமிழ் பேசினாலும் கடப்பிதழ் மலேசியாவுடையது; நம்மைச் சொந்தக்காரர் மாதிரி பாயில் படுக்கவைத்த மலைக்குடும்பம் இதைச் செய்யாமல் விட்டால் சிக்கல் அவர்களுக்குத்தான். எனவே வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே பதிவு வேலையை முடித்துக்கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. மலையில் இணையம் தடுமாறும், நாமக்கல்லில் ஒரு கணினிக் கடையைப் பேசி வையுங்கள்.

விளம்பரத்துக்கு மாத்தா சுற்றுலாக் கண்காட்சியில் கடை போடுவதெல்லாம் வேண்டாம், அது கூட்டம் சேர்க்கும் இடம். மின்னல் எஃப்.எம். வானொலியில் ஒரு நல்ல உரையாடல், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழுக்கள், உங்களைப் போன்ற மலையேறும் குழுக்கள், இவை போதும். காணொளி எடுத்தால் ஓடைக்கும் கோயில் காட்டுக்கும் இருப்பிடக் குறி போடாதீர்கள். கோயில் காட்டுக்குள் செருப்போடு போகாதீர்கள், கேமராவுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். ஊர்க்காரர்களை ஆடச் சொல்லிப் படம்பிடிப்பது எனக்குப் பிடிக்காத ஒன்று. அவர்கள் ஆடுகிற நாளில் நாம் அங்கே இருக்க வாய்த்தால் ஓரமாக நின்று பார்க்கலாம், நமக்காக ஆடச் சொல்லக் கூடாது.

நாள் குறிப்பது கடைசி வேலை. ஆடி 17, 18 இரண்டு நாளும் வல்வில் ஓரி விழா. மலை மேலுள்ள செம்மேட்டில் ஓரி சிலையைச் சுற்றிக் கால் வைக்க இடமிருக்காது. மன்னன் ஓரியைப் புறநானூற்றில் படித்தவர்களுக்கு அந்த விழாவைப் பார்க்க ஆசை வரும், ஆனால் உங்கள் முதல் குழுவை அப்போது வைக்காதீர்கள். நம் பள்ளி விடுமுறை மறுபடி டிசம்பருக்கு வந்திருக்கிறது. அது அங்கே வடகிழக்கு மழை முடியும் சமயம், அருவியில் தண்ணீர் இருக்கும், வழி வழுக்கும், சில நாள் வாசல் மூடியிருக்கும். பிள்ளைகள் இல்லாத பெரியவர் குழு என்றால் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்தில், திங்கட்கிழமை ஏறி வெள்ளி காலை இறங்குவது போல வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு முன் நீங்களும் இன்னொருவரும் மட்டும் ஒரு வார நாளில் போய், ஊராட்சியிலும் வனத்துறை அலுவலகத்திலும் பேசிவிட்டு வாருங்கள். செம்மேட்டுக்கு நாமக்கல்லிலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது, அதிலேயே ஏறுங்கள்.

உங்கள் பாட்டனார் எந்த ஊர் என்று சரியாகத் தெரிந்தால் எழுதுங்கள். ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக மலைக்கு இன்னொரு பாதை இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வார இறுதிக் கூட்டம் குறைவு. முதல் குழுவை அந்த வழியில் வைக்கலாமா என்று சேர்ந்து பார்ப்போம்.